பட்டியலில் இல்லாத வீடு

லைன் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். அவசர அழைப்பை எடுத்ததும் அவர் முதலில் சொல்வது, "லைன்லயே இருங்க, நான் இருக்கேன்." ஒரு நாளைக்கு நூறு தடவை இதைச் சொல்கிற ஆளுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சம்பள நாளன்று பியூன்கூட "லைன் அக்கா, கையெழுத்து" என்றுதான் கூப்பிடுவார்.

அப்போது எங்கள் மாவட்டத்துக்கென்று தனியாக ஓர் அறை இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஆம்புலன்ஸ் நிற்கும் கொட்டகையை ஒட்டி. ஆறு நாற்காலி, மூன்று போன், சுவர் முழுக்க ஒரு வரைபடம். ஜன்னலைத் திறந்து இடத்தைச் சொல்லிக் கத்தினால் டிரைவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வண்டி போய்ச் சேர்ந்தது. லைன் அக்கா அந்த அறையில் இருபத்தோரு வருஷம் இருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நான் பதினோரு வருஷம்.

உயிர் போகிற நேரத்தில் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "இடிச்ச தியேட்டர் பக்கம்" என்பார்கள். "லாரி கவுந்த வளைவு" என்பார்கள். "ரெண்டு நாய் வச்சிருக்கிற வாத்தியார் வீட்டுக்கு எதிர்ல" என்று ஒருத்தர் சொன்னார், அங்கேயும் வண்டி போனது. காரணம், லைன் அக்கா மாதத்தில் ஒரு விடுமுறை நாளை எடுத்துக்கொண்டு, டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். புதிதாக எங்கே வீடு வந்திருக்கிறது, அதை அக்கம்பக்கத்தில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், எந்தப் பாலத்தில் வண்டி போகாது, எல்லாவற்றையும் பார்த்து வந்து வரைபடத்தில் பென்சிலால் எழுதுவார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அவர் கணவர் லாரி ஓட்டியவர், இடுப்பு போய் வீட்டோடு இருப்பவர். "அவனவன் பொண்டாட்டி லீவு நாள்ல கடைக்குப் போவா, என் பொண்டாட்டி ஆம்புலன்ஸ்ல ஊர் சுத்துவா" என்று என்னிடம் சலித்துக்கொள்வார். சலிப்பில் பாதி பெருமை.

இந்தச் சமயத்தில்தான் எங்களை நவீனமாக்க ஒருவர் வந்து சேர்ந்தார். ஆலோசகர். எதைக் கேட்டாலும் திரையில் ஒரு படம் காட்டித்தான் பதில் சொல்வார் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர் ஸ்லைடு. வாழ்க்கையில் ஒரே ஒரு அவசர அழைப்பைக்கூட எடுத்ததில்லை, அதை ஒரு தகுதி மாதிரி சொல்லிக்கொள்வார். "வெளியில இருந்து பாக்கறவங்களுக்குத்தான் உள்ள இருக்கிற குறை தெரியும்" என்பது அவர் வாதம். எங்கள் சுவர் வரைபடத்தையும் அதிலிருந்த பென்சில் எழுத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் அந்தப் படத்தைப் பெரிதாகக் காட்டி, "இன்னைய தேதியில ஒரு மாவட்டம் இப்படி இயங்குது" என்றார். மேலதிகாரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லைன் அக்காவும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

மாநிலம் முழுவதும் இருந்த முப்பத்தோரு அறைகளை மூடினார்கள். தலைநகரில் ஒரே ஒரு கூடம் திறந்தார்கள். திறப்பு விழா அன்று நடந்த கூத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் அழைப்பை மேடையிலிருந்தே ஒரு பெரிய மனிதர் செய்தார். முகவரி என்ன? அதே கட்டடம். ஆம்புலன்ஸ் எங்கே நின்றது? அதே கட்டடத்தின் வாசலில், எஞ்சின் ஓடிக்கொண்டு. நாற்பது நொடியில் வந்து சேர்ந்தது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. "சராசரி வருகை நேரம் நாற்பது நொடி" என்று ஸ்லைடு அறிக்கையில் எழுதினார், பத்திரிகைகளும் கேள்வி கேட்காமல் அச்சடித்தன.

பழைய அறைக்காரர்களில் விருப்பப்பட்டவர்கள் தலைநகருக்கு வரலாம் என்றார்கள், ஒரு வருஷம் சோதனைக் காலம். இருபத்தோரு வருஷம் போன் எடுத்தவருக்குப் போன் எடுக்கத் தெரியுமா என்று சோதிக்கிறார்களாம். லைன் அக்காவுக்கு வேறு வழி இல்லை. கணவரால் உட்காரக்கூட முடியாது, மகள் அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இவர் ஒருவர்தான். மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்து, கணவரை நான்கு பேரைவிட்டுத் தூக்கி ஏற்றிக் குடி வந்தார். நானும் வந்தேன். எனக்கும் வேறு எதுவும் தெரியாது.

புதுக் கூடம் மூன்றாவது மாடியில். நூற்றிருபது நாற்காலி, திறக்க முடியாத கண்ணாடி, ஸ்வெட்டர் போட்டால்தான் உட்கார முடிகிற குளிர். மேசையில் காகிதம், பேனா கூடாது. செல்போனைத் தரைத்தளத்தில் லாக்கரில் பூட்டிவிட்டு வர வேண்டும். வண்டிகளை அனுப்புகிறவர்கள் ஐந்தாவது மாடியில். அவர்களிடம் எங்களால் பேச முடியாது, நாங்கள் நிரப்பும் படிவம் மட்டும்தான் திரை வழியாக மேலே போகும்.

அந்தப் படிவம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவட்டம், ஊர், தெரு, கதவு எண். எல்லாம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் இல்லாத தெரு என்றால் கட்டம் நிரம்பாது. கட்டம் நிரம்பாவிட்டால் "அனுப்பு" என்ற பொத்தான் வேலை செய்யாது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பொத்தான், "தவறான அழைப்பு." அது மட்டும் எப்போதும் வேலை செய்யும். செல்போன் இருக்கும் இடத்தை மேப்பில் ஒரு நீல வட்டம் காட்டும். நகரத்துக்கு வெளியே அந்த வட்டத்துக்குள் நாலு கிராமம் அடங்கும். ஆரம்பத்தில் பட்டியலின் கடைசியில் "மற்றவை" என்று ஒன்று இருந்தது, நாம் கையால் எழுதலாம். இரண்டே வாரத்தில் ஸ்லைடு அதை எடுத்துவிட்டார். "எல்லாரும் 'மற்றவை'ன்னே போட்டா டேட்டா கெட்டுப் போயிடும்" என்றார். ஏன் எல்லாரும் அதையே போடுகிறார்கள் என்று அந்த மூளைக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.

ஒவ்வொரு மானிட்டருக்கு மேலேயும் ஒரு குட்டி விளக்கு. அழைப்பைச் சராசரியாக ஒன்றரை நிமிடத்துக்குள் முடித்தால் பச்சை, தாண்டினால் சிவப்பு. எங்கள் கண்காணிப்பாளர் முன்பு பார்சல் கம்பெனியில் வேலை பார்த்தவர், அக்காவைவிடப் பதினைந்து வயது இளையவர். அழைத்தவர் பிழைத்தாரா என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. காலையில் வந்ததும் கூடத்தின் வாசலில் நின்று விளக்குகளை மட்டும் எண்ணுவார்.

லைன் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டியலில் இல்லாத இடம் என்றால், அதற்குப் பக்கத்தில் பட்டியலில் இருக்கும் தெருவைப் போட்டு வண்டியை அனுப்புவார். பிறகு போனை வைக்காமல், "வீட்டுல இன்னொரு ஆள் இருக்காங்களா? அவங்களை அந்தத் தெரு முனையில போய் நிக்கச் சொல்லுங்க, கையில ஒரு துணியை வச்சு ஆட்டச் சொல்லுங்க" என்று ஆள் கிளம்புகிறவரைக்கும் லைனிலேயே இருப்பார். வண்டி சரியாகப் போய்ச் சேரும். இதற்கு நாலு நிமிடம் ஆகும். அவர் விளக்கு இரண்டு வாரமாகச் சிவப்பு.

"மேடம், நீங்க ரொம்பப் பேசறீங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"அவங்கதான் சார் பேசறாங்க. நான் கேக்கறேன்."

"அதைத்தான் சொல்றேன். ரொம்பக் கேக்கறீங்க."

மூன்றாவது வாரமும் சிவப்பாக இருந்தால் சோதனைக் காலம் அத்தோடு முடிந்தது என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் வரை கெடு.

அந்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா டீ போட உள்ளே போனதும் மகள் மெதுவாக, "அம்மா தூக்கத்துலயும் 'லைன்லயே இருங்க'ன்னு சொல்றாங்க மாமா" என்றாள். கட்டிலில் படுத்திருந்த கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேலை போனா போகட்டும், நான் பாத்துக்கறேன்னு சொல்ல எனக்கு மட்டும் ஆசை இல்லையா தம்பி? சொல்ற நிலைமையில நான் இல்லையே."

அதனால்தான் திங்கட்கிழமை நான் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். கூடத்தில் பாதிப் பேர் செய்துகொண்டிருந்ததுதான்.

"அக்கா, தெரு கிடைக்கலன்னா இழுத்துக்கிட்டு இருக்காதீங்க. தவறான அழைப்புன்னு அமுக்கிடுங்க."

"அது தவறான அழைப்பு இல்லையே தம்பி."

"இல்லைதான். லைட்டுக்கு அது தெரியாதே."

"அவங்க என்ன பண்ணுவாங்க?"

"திரும்பக் கூப்பிடுவாங்க. வேற யாராவது எடுப்பாங்க. நூத்திருபது பேர் இருக்கோம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. இரண்டு நாள் அவர் அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை. புதன்கிழமை குடிகாரன் ஒருவன் பாட்டுப் பாடியபோது முதல் தடவை அமுக்கினார். வியாழக்கிழமை, ஊர் பெயரைத் தவிர எதுவும் சொல்லத் தெரியாத ஒருவருக்கு அமுக்கினார். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போனார்.

வெள்ளி காலை பத்தரைக்கு அவர் சராசரி ஒரு நிமிடம் இருபத்தெட்டு நொடி. விளக்கு பச்சை. இன்னும் ஒரே ஒரு நீண்ட அழைப்பு வந்தால் போதும், சிவப்பாகிவிடும். பத்து நாற்பதுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலிதான், அவர் பேசியது எனக்குக் கேட்டது.

"லைன்லயே இருங்க, நான் இருக்கேன். மாமனாருக்கா? வாய் கோணிக்கிச்சா? கை தூக்க முடியுதா?... எங்கம்மா இருக்கீங்க?... கல்குவாரிக்குப் பின்னாலயா? வரிசை வீடா?"

அது எங்கள் மாவட்டம். அந்தக் குவாரியும், அதன் பின்னால் கல் உடைக்கிறவர்கள் இருக்கும் பதினாலு வீடும் அவர் பென்சிலால் எழுதிய இடம். அவருக்குத் தெரிந்த இடம், படிவத்துக்குத் தெரியாத இடம். பக்கத்துத் தெருவைப் போட்டு, ஆளை முனையில் நிறுத்தலாம். நாலு நிமிடம் ஆகும். அக்கா விளக்கைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அமுக்கிவிட்டார்.

உடனே திரையில் ஒரு செய்தி வந்தது. "மூன்றாவது தவறான அழைப்பு. இந்த எண் முடக்கப்பட்டது." மூன்று முறை தவறு என்று பதிவான எண்ணிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்துக்கு அழைப்பு வராது, இதுவும் நவீனம்தான். ஆனால் அதை அக்கா அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தார். மூன்றாவது என்றால் அந்தப் பெண் ஏற்கெனவே இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறாள். வேறு யாராவது எடுப்பார்கள் என்று நான் சொன்ன அந்த வேறு யாரோ, அவரேதான்.

ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

"மேடம், பிரேக்குக்கு இன்னும் நேரம் இருக்கு" என்றார் கண்காணிப்பாளர். அக்கா நிற்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திராமல் மூன்று மாடியும் படியிலேயே இறங்கினார். லாக்கரைத் திறந்து, எங்கள் பழைய டிரைவருக்குப் போன் போட்டார். அவர் அப்போது அதே மாவட்டத்தில் நெடுஞ்சாலை முக்கில் வண்டியோடு நின்றிருந்தார். திரையில் உத்தரவு வராமல் வண்டி ஒரு அடி நகரக் கூடாது என்பது புது விதி. பிறகு அவர் என்னிடம் சொன்னார்: "'குவாரிக்குப் பின்னால வரிசை வீடு, பக்கவாதம், ஓடு'ன்னாங்க. அவ்வளவுதான். அக்கா குரல் கேட்டதும் நான் சாவியைத் திருப்பிட்டேன். உத்தரவாவது மண்ணாவது."

பதினெட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெண் போன் சிக்னலுக்காகக் கற்குவியல் மேலே ஏறி நின்றுகொண்டு, வேலை செய்யாத நம்பரைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாளாம். மாமனாரின் உயிர் தப்பியது. பேச்சும் வலது கையும் தப்பவில்லை. அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறதாம், அதற்கு நேரக் கணக்கு உண்டாம். கால் மணி நேரத்தில் தவறிப் போனது என்று டாக்டர் டிரைவரிடமே சொல்லியிருக்கிறார். டிரைவர் அதை அக்காவிடம் மறைக்கவில்லை.

அக்கா பதினோரு நிமிடம் கழித்து வந்து உட்கார்ந்தபோது அவர் விளக்கு சிவப்பாக இருந்தது.

திங்கட்கிழமை விசாரணை. உத்தரவு இல்லாமல் ஒரு வண்டி ஓடியது வண்டியிலிருந்த கருவியில் பதிவாகி, நூல் பிடித்து அக்காவரைக்கும் வந்துவிட்டார்கள். உண்மையான விபத்து என்றால் ஆறு மாதம் இழுப்பவர்கள், இதற்கு மூன்றே நாளில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஐந்தாவது மாடியில் கண்ணாடி மேசை. ஓர் அதிகாரி, ஸ்லைடு, கண்காணிப்பாளர். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

"எந்த அழைப்புக்காக எழுந்து போனீங்க?" என்று கேட்டார் அதிகாரி. "பதிவுல அந்த நேரத்துல உங்களுக்கு வந்தது ஒரு தவறான அழைப்புதான்."

"அது உண்மையான அழைப்பு சார். நான்தான் தப்புன்னு அமுக்கினேன்."

"அப்போ பொய்ப் பதிவு செஞ்சதா ஒத்துக்கறீங்க."

"ஆமா சார். அந்தப் படிவத்துல அந்த இடம் இல்ல. அதைச் சேக்கணும். 'மற்றவை'யைத் திரும்ப வைக்கணும். இல்லன்னா இது தினம் நடக்கும்."

ஸ்லைடு நெளிந்தார். படிவத்தின் மேல் பழி வருவது அவருக்கு ஆகாது. ஒரு தாளை எடுத்து அதிகாரியின் முன்னால் தள்ளினார். "சார், இந்த எண்ணை இவங்க மட்டும் தவறுன்னு சொல்லல. இவங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் அதையேதான் சொல்லியிருக்காங்க. மூணு பேர் சேர்ந்து தவறுன்னு சொன்ன அழைப்பு எப்படி சார் உண்மையாகும்? சிஸ்டம் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

தாள் மேசையில் கிடந்தது. மூன்று வரி. நாற்காலி எண், நேரம். கடைசி வரி அக்காவுடையது. நடு வரி யாரோ. முதல் வரி, பத்து பன்னிரண்டு, என்னுடைய நாற்காலி. அக்கா குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்து சுவரைப் பார்த்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு வந்தது தவறான அழைப்பா?"

நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா சொன்னது நின்றிருக்கும். பட்டியலில் பிழை என்று எழுத வேண்டி வந்திருக்கும். அக்காவின் வேலை தப்பியிருக்கலாம், என் வேலை போயிருக்கும். இதையெல்லாம் நான் பிறகு யோசிக்கவில்லை, அங்கேயே அந்த நாற்காலியிலேயே கணக்குப் போட்டேன்.

"ஆமா சார். தவறான அழைப்புதான்."

"உங்களுக்கு இப்படித் தப்புன்னு அமுக்கற பழக்கத்தை யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?" என்று அக்காவிடம் கேட்டார் அதிகாரி.

"இல்ல சார்" என்றார் அக்கா.

தவறான ஓர் அழைப்புக்காக இருக்கையைவிட்டுப் போனது, அதிகாரம் இல்லாமல் வண்டியை ஏவியது என்று எழுதி, அன்றே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். டிரைவருக்கு ஒரு மாதம் வண்டி இல்லை. படிவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாக்கர் அறையில் அவர் செருப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது.

"அந்தப் பொண்ணு உங்கிட்ட என்ன சொன்னா தம்பி?"

"குவாரிக்குப் பின்னால வரிசை வீடுன்னு சொன்னா அக்கா."

"இடம் உனக்குத் தெரிஞ்சுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. பதினோரு வருஷம் அந்த வரைபடத்துக்கு முன்னால் உட்கார்ந்தவன் நான். "தெரிஞ்சுது அக்கா."

அக்கா விரல்களை மடக்கி எண்ணினார், பழைய அறையில் வண்டி போகிற தூரத்தைக் கணக்குப் போடுவாரே, அதே மாதிரி.

"பத்து பன்னெண்டுக்கு நீ என்னைத் திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பத்தரைக்கு வண்டி அங்க நின்னிருக்கும். பதினொண்ணுக்கு ஊசி போட்டிருப்பாங்க" என்றார். "ஒரே ஒரு நாற்காலி தள்ளித்தானே உக்காந்திருந்தேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் பிடிக்கப் போனார்.